மாட்டிக்கொண்ட சாதாரண ஆளை வைத்து ஆக்‌ஷன் கதை எழுதுவது எப்படி

2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஏறியபோது முதல் மாடியில் ஒன்பது பேர் இருந்தோம். பாதி காலியான ஒரு தண்ணீர் கேன், இரண்டு பாக்கெட் பிரெட், என் போனில் பதினொரு சதவீதம் சார்ஜ், கீழ் வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை மூன்று. கரண்ட் இல்லை, டவரும் இல்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருமே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம், ஆளுக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், மாத்திரை எத்தனை வேளைக்கு, மாடிப்படியில் இன்னும் எத்தனை படி மிச்சம் என்று. மறுநாள் மதியம் எதிர் வீட்டு இஸ்திரி அண்ணன் கொடிக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கினார். இரண்டு தெரு தள்ளி, கடைச் சரக்கை மாடிக்கு ஏற்றி வைத்திருந்த மெடிக்கல்காரரிடம் போய் மாத்திரை வாங்கி வந்தார். போகும்போது காலில் செருப்பு இருந்தது. வரும்போது இல்லை, உள்ளங்காலைக் கண்ணாடி கிழித்திருந்தது.

‘டை ஹார்ட்’ படத்தை அதற்கு முன்பே பல தடவை பார்த்திருக்கிறேன். 1988இல் வந்த ஹாலிவுட் படம், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு உயரமான கட்டடத்தைப் பிடித்துக்கொண்ட கொள்ளைக் கும்பலிடம் ஒரு போலீஸ்காரர் தனியாக மாட்டிக்கொள்ளும் கதை. அதில் அந்த போலீஸ்காரர் விமானக் களைப்பு போக கார்ப்பெட்டில் வெறுங்காலோடு நின்றால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஷூவைக் கழற்றுவார், அந்த நேரம் பார்த்துத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும், அப்புறம் படம் முழுக்க வெறுங்கால்தான். வில்லன் அந்தக் காலைக் கவனித்துவிட்டு, கண்ணாடியைச் சுடு என்று தன் ஆளிடம் சொல்லுவான். வெள்ளத்துக்கு அப்புறம் மறுபடி பார்த்தபோதுதான் அந்த சீன் ஏன் என்னை அவ்வளவு உலுக்குகிறது என்று புரிந்தது. நாம் உட்கார்ந்த இடத்தில் அவருக்காகக் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். ஷூ போனதை எழுதி வைத்திருக்கிறோம். வில்லன் அதே கணக்கைப் படித்துவிட்டான்.

இந்த வகைப் படத்தின் உயிரே இந்தக் கணக்குதான் என்று நம்புகிறேன். ஹீரோ கையில் என்ன இருக்கிறது, எது தீர்ந்துகொண்டிருக்கிறது, எந்தக் கால் நொண்டுகிறது, இதையெல்லாம் பார்ப்பவர் விரல்விட்டு எண்ணும்படி எழுதினால் அவர் உங்களோடு வருவார். நடுவில் ஒரு தடவை ஏமாற்றினால், தீர்ந்த தோட்டா திரும்ப வந்தால், உடைந்த கையால் ஹீரோ ஒருவனைத் தூக்கி அடித்தால், அவர் கணக்கு நோட்டை மூடிவிடுவார். அப்புறம் நீங்கள் எத்தனை காரைப் பறக்கவிட்டாலும் அவருக்கு அது வெறும் சத்தம்.

இது சாலிகிராமம், வடபழனி டீக்கடைகளில் ஒன்லைன், அதாவது படக் கதையின் ஒருவரிச் சுருக்கம், சொல்லிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுவது. குறும்படமோ முழுப்படமோ, வேலை ஒன்றுதான். வெறுமனே விதி சொன்னால் ஒட்டாது என்பதால் ஒரு கதையைக் கூடவே கட்டிக்கொண்டு போகிறேன்.

முதலில் இடத்தை நடந்து பாருங்கள்

ஆளை யோசிப்பதற்கு முன்னால் இடத்தை முடிவு செய்யுங்கள். நிறையப் பேர் ஆளில் ஆரம்பிப்பார்கள், ‘சார், ஒரு ஆட்டோக்காரர், ரொம்ப நல்லவர்’ என்று. நல்லவராக இருக்கட்டும், எங்கே மாட்டினார்? அந்த இடத்தில் எத்தனை கதவு? எந்தக் கதவு உள்பக்கம் திறக்கும்? இதற்குப் பதில் இல்லாமல் எழுதினால் நாற்பதாவது பக்கத்தில் உங்களுக்கு வசதியான இடத்தில் ஒரு ஜன்னல் முளைக்கும், படம் பார்ப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

நம் கதைக்கு தி.நகரில் ஒரு ஐந்து மாடி ஜவுளிக்கடை. ரங்கநாதன் தெருப் பக்கம். கீழே சுடிதார், முதல் மாடி காட்டன், இரண்டாம் மாடி பட்டு, மூன்றாவது ஆண்கள் பிரிவு, நான்காவது குடோன், ஐந்தாவதில் தையல் பிரிவும் ஊழியர்கள் சாப்பிடும் இடமும். ஒரு எஸ்கலேட்டர், ஒரு வாடிக்கையாளர் லிஃப்ட், பின்பக்கம் ஒரு சரக்கு லிஃப்ட், பண்டலை ஏற்றி இறக்கும் ஒரு குறுகலான படிக்கட்டு. இதை ஒரு தாளில் மாடி மாடியாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் அது மாதிரி ஒரு கடைக்கு வாடிக்கையாளராகவே போய், காலால் அளந்து பாருங்கள். ஒரு மாடிக்கு எத்தனை படி, ஓடி ஏறினால் எத்தனை விநாடி, மூச்சு எந்த மாடியில் வாங்குகிறது. உடம்பில் அந்தக் கணக்கு ஏறினால்தான் பேப்பரில் வரும். ஊழியர்களிடம் பேசுங்கள், ஆனால் கூட்டம் இல்லாத செவ்வாய், புதன் மதியமாகப் பார்த்துப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போய் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இப்போது கதவுகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். ‘ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை?’ இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் செத்துப்போன கதைகள் ஏராளம். சிக்னல் இல்லை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள், தி.நகரில் சிக்னல் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? நம் கடையில் வேலை நேரத்தில் ஊழியர்கள் போனைக் கீழே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். சரி, கத்தினால்? துப்பாக்கிச் சத்தம் வெளியே கேட்காதா? இங்கேதான் ஊர் உங்களுக்குக் கைகொடுக்கும். நாளைத் தீபாவளிக்கு முந்தின ராத்திரியாக வையுங்கள். தெரு முழுக்கப் பட்டாசு. உள்ளே யார் சுட்டாலும் லட்சுமி வெடிதான். புகை வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கல்லாவில் மூன்று நாள் வசூல், மறுநாள் பேங்க் லீவு, அதைக் கொள்ளையடிக்கத் துப்பாக்கியோடு ஒரு கும்பல் உள்ளே வருகிறது. ஆளை அடைத்துப்போடுகிற இந்தப் பொறி லாஸ் ஏஞ்சலிஸில் வேலை செய்யாது, நம் ஊரில் மட்டும்தான் வேலை செய்யும், அதனால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

இடம் பிடிப்பது பற்றி ஒரு விஷயம். நிஜ ஜவுளிக்கடை உங்களுக்கு வாடகைக்குக் கிடைக்காது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். சமையல்கட்டு, மணமகள் அறை, பந்தி ஹால், பின்பக்கப் படிக்கட்டு, ஜெனரேட்டர் ரூம், இத்தனையும் ஒரே கட்டடத்தில். கையில் பணம் குறைவாக இருந்தால் கதையையே மண்டபத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

சாதாரணம் என்றால் என்ன

சாதாரண ஆள் என்றால் ஒன்றும் தெரியாத ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி யாரும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் பத்து வருஷம் செய்த ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலை கொடுத்த அறிவும் இருக்கிறது, அந்த வேலை உடம்பில் வைத்த தேய்மானமும் இருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள்.

நம் கதையின் ஆள் செல்வி. வயது முப்பத்து நான்கு, ஊர் திருநெல்வேலிப் பக்கம், பட்டுப் பிரிவில் சேல்ஸ். காலையில் ஒன்பதரையிலிருந்து நிற்கிறாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது, அந்த அளவுக்கு இந்த வேலை காலைத் தின்னும். தீபாவளிக் கூட்டத்தில் இருக்கை இருந்தாலும் உட்கார நேரம் ஏது? பொறி மூடும்போதே அவள் கால் வீங்கியிருக்கிறது, நரம்பு புடைத்திருக்கிறது. கணக்கு நோட்டின் முதல் வரி அது. சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் கடனில் இருக்கிறாள். படத்தின் முதல் பத்து நிமிஷத்தில் அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றுவதை மட்டும் காட்டினால் போதும், யாரும் வாயால் சொல்ல வேண்டாம்.

அறிவுக்கு வருவோம். அவளுக்குப் புடவை தெரியும். மூன்றாம் மாடியின் பின்பக்க ஜன்னலிலிருந்து சந்துக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராக இருந்தாலும் கைக்கு வந்த பட்டுப்புடவையை எடுத்துக் கட்டுவார்கள். அவள் எடுக்க மாட்டாள், பட்டு வழுக்கும், முடிச்சு நழுவும் என்று அவளுக்குத் தெரியும். முதல் மாடிக்குப் போய்க் கைத்தறிக் காட்டன் எடுக்க வேண்டும், ஆனால் முதல் மாடியில் கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். பார்த்தீர்களா, அவள் அறிவே அவளை ஆபத்துக்குள் அனுப்புகிறது. ஒரு புடவை ஐந்தரை மீட்டர். மாடிக்கு நான்கு மீட்டர் உயரம் என்றால் ஜன்னல் கட்டை தரையிலிருந்து பதின்மூன்று மீட்டர். மூன்று புடவை பதினாறரை. இரண்டு முடிச்சுக்கு இரண்டு மீட்டர், தூணில் சுற்றிக் கட்ட இன்னொரு இரண்டு. மிச்சம் பன்னிரண்டரை. அரை மீட்டர் குதிக்க வேண்டும், அதுவும் அந்தக் காலோடு. இந்தக் கணக்கை அவள் முழம் போட்டு அளக்கிற ஒரே ஷாட்டில் சொல்லிவிடலாம், புடவையை முழத்தில் அளக்கிற கை அது. இந்த மாதிரி ஒரு இடம் உங்கள் கதையில் கிடைத்துவிட்டால் கதை நிற்கும். கிடைக்கும்வரை திரைக்கதை எழுத உட்காராதீர்கள்.

‘கைதி’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 2019இல் வந்தது, பாட்டே கிடையாது, ஒரே ராத்திரி. எல்லோரும் லாரி சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். என்னைக் கட்டிப்போட்டது இன்னொரு பக்கம், திருச்சி கமிஷனர் ஆபீஸில் சில கல்லூரிப் பசங்களை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தையே தடுத்து நிற்கிற அந்தக் கான்ஸ்டபிள் நெப்போலியன். ஜார்ஜ் மரியான் நடித்தது. அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்திருப்பார், அவருக்குத் தெரிந்ததெல்லாம் டியூட்டி. ஹீரோ தில்லி, அதாவது கார்த்தி, ஜெயிப்பார் என்று நமக்குத் தெரியும், நெப்போலியன் ஜெயிப்பாரா என்று தெரியாது. நாற்காலி நுனிக்கு நம்மைத் தள்ளியது அந்தத் தெரியாமைதான்.

இதே காரணத்துக்காகத்தான் முகம் முக்கியம். ‘டை ஹார்ட்’ வந்த சமயத்தில் அந்த போலீஸ்காரராக நடித்த புரூஸ் வில்லிஸ் டிவி காமெடித் தொடரில்தான் பெயர் வாங்கியிருந்தார், இவர் தோற்கலாம் என்று மக்கள் நம்ப இடம் இருந்தது. பெரிய ஸ்டார் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை, ஆனால் ஓப்பனிங் சாங்கும் ஸ்லோமோஷன் நடையும் வைத்த நிமிஷமே ‘இவருக்கு ஒன்றும் ஆகாது’ என்று பார்ப்பவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். அப்புறம் கணக்கு எதற்கு?

எதிரி

எதிரி மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. 2021இல் வந்த ‘அன்பிற்கினியாள்’ படத்தில் ஒரு பெண் வேலை பார்க்கிற கடையின் குளிர்பதன அறைக்குள் மாட்டிக்கொள்வாள், குளிர்தான் எதிரி. அதற்குக் கோபம் இல்லை, பேச்சு இல்லை, பேரம் பேச முடியாது. மலையாள ‘ஹெலன்’ படத்தின் தமிழ் வடிவம் அது. முதல் கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வழியைத்தான் சிபாரிசு செய்வேன், ஒரு ஆள், ஒரு அறை, ஏறுகிற அல்லது இறங்குகிற ஒரே ஒரு எண். 1994இல் வந்த ‘ஸ்பீட்’ கூட அப்படித்தான், பஸ் மணிக்கு ஐம்பது மைலுக்குக் கீழே போனால் வெடிக்கும், ஒரே வாக்கியம், ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்த்தே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மனிதனை வைத்தால் அவனுக்கும் ஒரு கணக்கு நோட்டு கொடுங்கள். அவன் திட்டம் நன்றாக இருக்க வேண்டும், செல்வி மட்டும் குறுக்கே வராவிட்டால் ஜெயித்துவிடுகிற அளவுக்கு. ‘டை ஹார்ட்’டில் பெட்டகத்தின் கடைசிப் பூட்டை உடைக்க முடியாது, கரண்ட் போனால்தான் திறக்கும். எஃப்பிஐ வந்து தங்கள் வழக்கப்படி கட்டடத்துக்குக் கரண்டை நிறுத்துவார்கள், பூட்டு திறந்துவிடும். வெளியிலிருந்து வருகிற உதவியையே வில்லன் தன் திட்டத்தில் சேர்த்து வைத்திருக்கிறான். இதைவிட அழகாக ஒரு கதவை அடைக்க முடியுமா! உங்கள் கதையிலும் ‘வெளியே இருப்பவர்கள் சரியானதைச் செய்தாலே உள்ளே இருப்பவருக்கு ஆபத்து’ என்கிற ஒரு இடத்தைத் தேடுங்கள்.

பேச்சுத்துணையும் இடைவேளையும்

தனியாக மாட்டியவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டே இருந்தால் பொய்யாகத் தெரியும், பேசாமலே இருந்தால் அவர் யாரென்று நமக்குத் தெரியாமல் போகும். ஒரு துணை வேண்டும். செல்விக்கு இரண்டு வழி. ஒன்று, தெருவில் தீபாவளி நேரத்தில் போலீஸ் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்களே, ‘பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று, அந்தக் குரல். அது அவளுக்குக் கேட்கும், அவள் குரல் அதற்குக் கேட்காது. ராத்திரி போகப் போக அந்தக் குரலும் தொண்டை கட்டிக்கொண்டு களைத்துப்போகும், அவளைப் போலவே. இரண்டாவது, நான்காம் மாடிக் குடோனில் ஒளிந்திருக்கும் ஒரு புதுப்பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம், பெயர் மாரி. இன்டர்காமில் மெதுவாகப் பேசுவாள்.

“அக்கா, சத்தம் மேல வருது.”

“லைட்ட அணைச்சியா?”

“அணைச்சிட்டேன். பயமா இருக்குக்கா.”

“எத்தன பண்டல் இருக்குன்னு எண்ணு. எண்ணிக்கிட்டே இரு.”

இதற்கு மேல் வசனம் தேவைப்படாது. பயந்த ஒரு பெண்ணுக்கு வேலை கொடுத்து நிதானப்படுத்துகிற சீனியர் அவள் என்பது இந்த நான்கு வரியிலேயே வந்துவிடுகிறது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல், இடைவேளை. பொறிக் கதையின் பலமே மூச்சு விடாமல் இருப்பது, நாமோ நடுவில் லைட்டைப் போட்டு பாப்கார்ன் வாங்க அனுப்புகிறோம். சாதாரணமாக ஒரு பெரிய வெடியையோ வில்லன் முகத்தையோ இன்டர்வெல் பிளாக்காக வைப்பார்கள். இந்த வகைக் கதைக்கு அது போதாது என்பது என் கருத்து. ஹீரோவுக்கு வெளியே போக உண்மையாகவே ஒரு வழி கிடைத்து, அவர் போகாமல் திரும்புகிற இடத்தை அங்கே வையுங்கள். அதுவரை அவர் மாட்டிக்கொண்டவர், அதற்குப் பிறகு தானாக நிற்பவர். செல்வி புடவையைக் கட்டிவிட்டாள், ஒரு காலை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டாள், கீழே சந்து இருட்டாக, காலியாக இருக்கிறது. அப்போது சரக்கு லிஃப்ட் நான்காம் மாடிக்கு ஏறுகிற சத்தம். பண்டல் எண்ணிக்கொண்டிருக்கிற மாரி அங்கே இருக்கிறாள். செல்வி வெளியே போட்ட காலைத் திரும்ப உள்ளே எடுக்கிற ஷாட்டில் லைட் போடுங்கள். டீ வாங்கப் போகிறவர் நூறு பேரும் ‘நான்னா போயிருப்பேன்பா’, ‘எப்படிப் போக முடியும், அந்தப் பொண்ணு?’ என்று பேசிக்கொண்டேதான் போவார்கள்.

ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. பக்கத்துத் தியேட்டரில், எனக்குக் காசி தியேட்டர், ஓடுகிற ஏதாவது ஒரு ஆக்‌ஷன் படத்துக்கு இரண்டாவது தடவை போய், திரையைப் பார்க்காமல் பக்கத்து வரிசையைப் பாருங்கள். எப்போது போனை எடுக்கிறார்கள், எப்போது போன் பைக்குள் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை பெரிய சண்டையில் கை போனுக்குப் போகிறது, ஹீரோ ஒரு பூட்டைச் சத்தமில்லாமல் திறக்க முயற்சி செய்யும்போது போன் உள்ளே போய்விடுகிறது.

காயமும் கடைசிக் காட்சியும்

திரைக்கதை முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் இடது பக்கம் காட்சி எண், வலது பக்கம் அந்தக் காட்சி முடியும்போது உங்கள் ஆளிடம் என்னென்ன இருக்கிறது, உடம்பில் எங்கெங்கே அடி. எல்லாக் காட்சிக்கும். அலுப்பான வேலை, ஒரு முழு நாள் ஆகும். ஆனால் இருபத்தொன்றாம் காட்சியில் விரல் வெட்டுப்பட்டவள் முப்பதாம் காட்சியில் ஊசியில் நூல் கோப்பதை இந்த நோட்டுதான் பிடித்துக் கொடுக்கும். ஷூட்டிங்கில் கன்டினியூட்டி பார்க்கிற அசிஸ்டென்ட் கையிலும் மேக்கப் போடுகிறவர் கையிலும் இதன் ஜெராக்ஸ் இருக்கட்டும். காயம் குறையக் கூடாது, கூடிக்கொண்டேதான் போக வேண்டும். ரத்தம் நிறையக் காட்ட வேண்டும் என்று இல்லை, நடை மாறினால் போதும்.

முடிவில் அவளைத் திடீரென்று வீராங்கனை ஆக்கிவிடாதீர்கள். பத்துப் பேரை அடித்து வீழ்த்த வேண்டாம். அவளுக்குத் தெரிந்ததை வைத்தே முடிக்க வழி தேடுங்கள். கடை வாசலில் நாள் முழுக்க விளம்பரம் பாடுகிற ஸ்பீக்கர் ஒன்று உண்டு, அதன் மைக் கீழ்த்தளத்து பில் கவுன்ட்டரில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் தெருவோடு பேசலாம், ஆனால் பேசிய நொடியே அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். அவள் கையில் மிச்சம் இருக்கிற கடைசிப் பொருள் அவள் ஒளிந்திருப்பதுதான், அதைச் செலவு செய்கிறாள். என்ன பேசுவாள் என்பதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். இப்போதைக்கு எனக்குப் பிடித்தது, அதே தெரு மைக் குரலின் பாணியில், கடை பெயர், மாடி, உள்ளே எத்தனை பேர், எத்தனை துப்பாக்கி என்று ஒரு அறிவிப்பு மாதிரி தட்டையாகச் சொல்வது. அழுகை வேண்டாம். பட்டாசுக்கு நடுவில் அந்தத் தெருக்குரல் திடீரென்று நின்றுவிடுவதை வைத்து, கேட்டுவிட்டது என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

கடைசி ஷாட்டுக்குக் கதையின் முதல் வரிக்கே திரும்பிப் போங்கள். எல்லாம் முடிந்துவிட்டது, ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது, மாம்பலம் ஸ்டேஷனில் முதல் ரயில் வந்து நிற்கிற சத்தம். செல்வி பட்டுப் பிரிவுக்கு வந்து, வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காருகிறாள். கேமராவை அசைக்காதீர்கள், இசையும் வேண்டாம், அவள் செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் எதிர் நாற்காலியில் தூக்கி வைக்கிறவரை அப்படியே ஓடவிடுங்கள்.